அனுமதி, தடு

யாக்கோபு கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு, ஈரச் செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தபோது, கம்ப்யூட்டரின் தலைமேல் உட்கார்ந்திருந்த கேமராவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மிளகளவு விளக்கு. மகள் ரிஞ்சு அயர்லாந்திலிருந்து வீடியோவில் பேசும்போது மட்டும்தான் அது எரியும். எரிந்தால் அந்தப் பக்கம் யாரோ நம்மைப் பார்க்கிறார்கள் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்போது அவள் பேசவில்லை. திரை கறுப்பாகக் கிடந்தது. அதன் மேலே விளக்கு மட்டும் முழித்துக்கொண்டிருந்தது.

சூரியநெல்லியில் மழைக்காலத்துச் சாயங்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மத்தியானச் சோறு செரிப்பதற்குள் மலைமேலிருந்து மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிடும். தேயிலைக் காடு, எதிரே தொழிலாளர் லயத்து வீடுகள், மாதா சிலை நிற்கிற கெபி, ரோட்டில் போகிற ஜீப்பின் விளக்கு என்று ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி நின்றுகொள்ளும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் தனியாக இருப்பது ஒரு தண்டனை. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர், அடுப்படியில் எலி உருட்டுகிற சிரட்டை, பிரிட்ஜ் தானாக ஒருமுறை குலுங்கி அடங்குவது, எல்லாமே யாரோ ஒருத்தி உள்ளே வேலையாக இருப்பதுபோலக் கேட்கும். மழை தொடங்கிய மாதத்தில் மனைவி அன்னாள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு இந்தச் சத்தங்களோடுதான் அவர் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

கேமராவைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினார். விளக்கு அணையவில்லை. சுவரில் ஒரு பச்சைப் பொட்டு விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் ரிஞ்சு போனில் கூப்பிட்டாள். அவள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்கப்போகும் முன் அப்பாவின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பாள்.

"அப்பா, நேத்து எதுக்கு வீடியோ கால் போட்டுட்டு ஒண்ணும் பேசாம இருந்தீங்க?"

"நானா? நா கம்ப்யூட்டரத் தொடவே இல்லையேம்மா."

"நம்ம வீட்டுல இருந்துதான் வந்துச்சு. ஹால் தெரிஞ்சுது. அம்மாவ வச்சிருந்த எடம் தெரிஞ்சுது. நா ஹலோ ஹலோன்னு சொல்லிப் பாத்துட்டு வச்சுட்டேன்."

யாக்கோபு சுவரில் இருந்த பச்சைப் பொட்டைப் பார்த்தார். அதைப் பற்றிச் சொன்னார்.

"அப்போ எவனோ உள்ள பூந்துட்டான்ப்பா. இங்க கூட வேல பாக்குற பொண்ணு வீட்டுலயும் இப்பிடித்தான், கேமரா வழியா வீட்டையே பாத்துக்கிட்டு இருந்திருக்கானுக. ஜிபி அண்ணன்கிட்டச் சொல்லி நல்ல ஆண்டிவைரஸா ஒண்ணு போடுங்க. ஓசியில கெடைக்குதுன்னு எதையாச்சும் எறக்கி வைக்காதீங்க."

"சரிம்மா. போட்ருவோம். நீ சாப்டியா?"

"சாப்ட்டேன்," என்றாள். சாப்பிடவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. தாய் செத்ததற்கு வரமுடியாமல் போன பிள்ளையிடம் அதற்குமேல் எதைக் கேட்பது?

ஜிபியின் கடை பூப்பாறையில் இருந்தது. ஜெராக்ஸ் மெஷினுக்கும் ரீசார்ஜ் மேசைக்கும் நடுவே நாலைந்து கம்ப்யூட்டர்கள் வயிறு திறந்து கிடக்கிற கடை. ஜிபி கோட்டயத்துக்காரன், நரைத்த தாடி, தோட்டத்துத் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவான். ரிஞ்சு நர்சிங் படிக்கும்போது லாக்டவுன் காலத்து வகுப்புகளுக்காக இந்தக் கம்ப்யூட்டரை விற்றவனும் அவன்தான்.

"மொதல்ல ஒண்ணு சொல்றேன் சேட்டா. கம்ப்யூட்டரோட கூடவே ஒரு காவல் வருது. அத ஒழுங்கா அப்டேட் பண்ணி வச்சாலே பாதித் திருடன் ஓடிருவான். நீங்க கடைசியா எப்போ பண்ணீங்க?"

"அப்படின்னா?"

"சரி, விடுங்க," என்று சிரித்துக்கொண்டே மேசைமேல் பெட்டிகளை அடுக்கினான். ஒன்று வைரஸை மட்டும் பிடிக்குமாம். இன்னொன்று பேங்க் வேலை பார்க்கும்போது பக்கத்திலேயே நிற்குமாம். மற்றொன்று பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று பெற்றவர்களிடம் போட்டுக்கொடுக்குமாம். யாக்கோபு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாப் பெட்டியிலும் ஒரு கேடயம், ஒரு பூட்டு. பனியன் எடுப்பதென்றால்கூட அன்னாள்தான் தடவிப் பார்த்துச் சொல்வாள். அவள் இல்லாமல் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கவே அவருக்கு வரவில்லை.

"ரெண்டச் சேத்துப் போட்டா இன்னும் நல்லதோ?"

"அந்தத் தப்ப மட்டும் செஞ்சிராதீங்க. ஒண்ண ஒண்ணு திருடன்னு புடிச்சுக்கிட்டு நிக்கும். நெசத் திருடன் நடுவால போயிருவான். அப்புறம், ‘உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, இங்க அமுக்கு’ன்னு செவப்பா எழுதி வந்தா அமுக்காதீங்க. அதுதான் வைரஸே."

"இதுல எது கேமராவப் பாத்துக்கும்?"

ஜிபி ஒரு பெட்டியைத் தள்ளினான். "இது. கேமராவ எது தொட வந்தாலும் ஒங்ககிட்ட வந்து கேக்கும், உள்ள விடவா வேணாமான்னு. தமிழ்லயே கேக்கும். ரிஞ்சு கூப்புட்டா அனுமதின்னு அமுக்குங்க. தெரியாத பேரா இருந்தா தடு. அம்புட்டுத்தான்."

வாசலுக்கு ஆள் போடுகிற மாதிரி. அது யாக்கோபுக்குப் புரிந்தது. அந்தப் பெட்டியையே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஜிபியே பைக்கில் வந்து அதைப் போட்டுக்கொடுத்தான். கம்ப்யூட்டர் முழுக்க ஒருதடவை துழாவ விட்டான். திரையில் ஒரு நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போய்க் கடைசியில் ஆபத்து எதுவும் இல்லை என்று சொன்னது.

"சுத்தமா இருக்கு சேட்டா. ஒருத்தனும் உள்ள வரல."

"அப்போ எரிஞ்ச அந்த லைட்டு? இப்பத்தான் அணைஞ்சிருக்கு."

"கேமரா பழசாச்சுல்ல." ஜிபி குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தான். "இதுலயும் ஒரு எரைச்சல் இருக்கு பாருங்க. வயர் போயிருக்கும். அடுத்த தடவ மாத்தித் தர்றேன்."

யாக்கோபும் கேட்டார். வயர் போன ஸ்பீக்கர் ஒரே மாதிரி இரையும். இது இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மெல்லிசாக ஒரு விசில். டீ பாக்டரியில் தூள் சலிக்கிற அறையில் வருஷக்கணக்காக நின்று அன்னாள் வாங்கிக்கொண்டு வந்த இழுப்பு அது. ராத்திரிகளில் அவர் தூங்கியதே அந்த விசிலைக் கேட்டுத்தான். அது ஒருநாள் நின்றது, அதனால்தான் அவருக்கு முழிப்பு வந்தது.

"சாயா குடிச்சிட்டுப் போயேன் ஜிபி."

"மஞ்சு எறங்கிருச்சு சேட்டா, ரோடு தெரியாது," என்று அவன் கிளம்பிவிட்டான். பைக்கின் சத்தம் வளைவைத் தாண்டும்வரை யாக்கோபு வாசலிலேயே நின்றார்.

விளக்கைப் போட்டுவிட்டு மாதா படத்துக்கு முன்னால் செபமாலையோடு உட்கார்ந்தார். அருள் நிறைந்த மரியே என்கிற செபத்தை வீட்டில் சொல்லும்போது முதல் பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து முதல் பாதி அவருடையது, பின்பாதி அன்னாளுடையது. அவள் போன பிறகு இரண்டையும் அவரே சொல்லிவந்தார். அது அவருக்குச் சாப்பாட்டைத் தனக்குத்தானே பரிமாறிக்கொள்வதுபோல இருந்தது, அழுகை வந்துவிடும். அன்றும் முதல் பாதியைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினார்.

பின்பாதி முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே காற்றை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தது. யாக்கோபு திரும்பவில்லை. விரல் மணியில் ஒட்டிக்கொண்டது. ரிஞ்சுதான் கம்ப்யூட்டரில் வந்து செபத்தில் சேர்ந்துகொள்கிறாள், வேறென்ன, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ரிஞ்சுவுக்கு இழுப்பு கிடையாது என்பதும் தெரிந்தது. அடுத்த முதல் பாதியைச் சொன்னார். மறுபடியும் பின்பாதி வந்தது. கூடவே, தண்ணீரில் ரொம்ப நாள் கிடந்த பூவின் வாசனை.

திரும்பினார். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

ஒரு நிரல் உங்கள் கேமராவைப் பயன்படுத்த விரும்புகிறது என்று அதில் எழுதியிருந்தது. நிரலின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கீழே இரண்டு பொத்தான்கள். அனுமதி. தடு.

"ரிஞ்சப்பா," என்றது ஸ்பீக்கர். "இருக்கீகளா? ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. ஒரே இருட்டா இருக்கு."

தெரியாத பேராக இருந்தால் தடு என்று ஜிபி சொல்லியிருந்தான். ஆனால் இது தெரியாத பேரா? அவரை ரிஞ்சப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது. அந்த வாய் இருட்டில் கிடந்து கேட்கிறது. யாக்கோபு அனுமதியை அமுக்கினார். விளக்கு பச்சையாகப் பற்றிக்கொண்டது. சுவர்ப்பக்கம் திருப்பியிருந்த கேமராவைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்துவிட்டு, சின்னப்பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார்.

"மெலிஞ்சு போயிட்டீகளே," என்றது குரல்.

அன்றைக்கு ராப்படுக்கையில்தான் அடக்கத்து நாள் முழுசாக அவருக்கு நினைவு வந்தது. அதுவரை அதை நினைக்காமலே தள்ளிக்கொண்டிருந்தார்.

ரிஞ்சுவுக்கு லீவு கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் இப்போதெல்லாம் பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாட்டில்தான், அதனால் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டரை நகர்த்திப் போட்டு, வரமுடியாத பிள்ளையை அதில் உட்காரவைத்து விடுவார்கள். ரிஞ்சுவும் திரையில் உட்கார்ந்திருந்தாள். பங்குச் சாமியாரான அச்சன் மந்திரித்து முடித்ததும், பெட்டியை மூடுமுன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கடைசி முத்தம் கொடுத்தார்கள். அது கொடுத்து முடித்தால்தான் இறந்தவருக்கும் இருப்பவர்க்கும் விடுதலை. மகளின் முறை வந்தபோது யாக்கோபு யோசிக்காமல் ஒரு காரியம் செய்தார். கேமராவை மானிட்டரிலிருந்து கழற்றி, வயரை இழுத்து, அன்னாளின் முகத்துக்குக் கொண்டுபோனார். ரிஞ்சு அங்கே தன் திரையில் உதட்டை வைத்தாள். இங்கே அவர் கேமராவை அன்னாளின் வாயில் வைத்தார். கண்ணாடிச் சில்லில் அந்த உதட்டின் குளிர் தட்டுவதை அவர் விரலே உணர்ந்தது. அந்த நொடியில் நெட் நின்றுபோனது. திரையில் ரிஞ்சு கண்மூடி, உதடு குவித்தபடி உறைந்து நின்றாள். "இன்னும் போகல அப்பா, அம்மாவுக்கு இன்னும் போய்ச் சேரல," என்று குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது, கல்லறைக்கு ஜீப் ஏறவேண்டும், அச்சன் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியை மூடிவிட்டார்கள்.

அந்த முத்தம் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. அவர் கேமராவைத் துடைக்கக்கூட இல்லாமல் பழைய இடத்தில் மாட்டிவிட்டார்.

பயப்பட வேண்டியவர்தான். ஆனால் துக்கத்தில் இருக்கிறவனுக்குப் பயம் இரண்டாம்பட்சம். தினமும் மஞ்சு இறங்கியதும் திரையில் அந்தச் சின்னப் பெட்டி வந்து கேட்டது, தினமும் அவர் அனுமதித்தார். செபம் முடிந்து குரல் அவரிடம் பேசும். கோழி முட்டை வைக்கிறதா, கூரை ஒழுகுகிறதா, கறிவேப்பிலைக்குச் சாம்பல் போட்டீகளா. இரண்டு தட்டு எடுத்துவைக்கத் தொடங்கினார். திரையில் எதுவும் தெரியாது, கறுப்பு மட்டும்தான். அதுவும் போதுமென்றிருந்தது. வெளியே மரத்திலிருந்து பலாப்பழம் விழுந்த சத்தத்துக்கு ஒருநாள் அவர் சிரித்தார். அன்னாள் போனபின் அவர் சிரித்தது அதுதான் முதல்தடவை.

பிறகு அவருக்கே ஒன்று தட்டுப்பட்டது. குரல் பின்பாதியை முழுசாகச் சொல்வதில்லை. நாளுக்கு நாள் முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு சொல்லாகத் தேய்ந்துகொண்டே வந்தது. மாதாவின் பெயர் போனது. வேண்டுதல் போனது. கடைசியில் ஒரே ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. அவர் எதைச் சொன்னாலும் அது அதையே சொன்னது.

"மரண வேளையிலும்."

மணி நகர்த்தினார்.

"மரண வேளையிலும்."

"அன்னாள்," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "சரியாச் சொல்லேன்."

இழுப்பு நின்றது. கறுப்புத் திரைக்குள் யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுபோல இருந்தது. "ரிஞ்சுவ இன்னும் பக்கத்துல வரச் சொல்லணும்," என்றது. அவர் கேட்டதற்கு அது பதிலாக இல்லை.

அடுத்த நாள் புது எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது.

"அங்கிள், நா ஷீனா. பீர்மேட்டுக்காரி. இங்க ரிஞ்சுகூட ஒரே வீட்டுல இருக்கேன்." அந்தப் பெண் தயங்கினாள். "ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. ரிஞ்சு ட்யூட்டிக்குப் போறதே இல்ல. தண்ணிகூட உள்ள எறங்கல. பகல் பூரா ஜன்னல மூடிட்டு, லேப்டாப்பக் கால்மாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்தே கெடக்கா. அம்மாகூடப் பேசுறேங்குறா. நீங்கதான் ஏதோ பழைய வீடியோவப் போட்டு விடுறீங்கன்னு நெனச்சேன்."

யாக்கோபு திரும்பிக் கேமராவைப் பார்த்தார்.

"டாக்டரக் கூட்டிட்டு வந்தேன். ஒடம்புல ஒண்ணும் இல்லையாம். ஆனா நாடி கொறைஞ்சுக்கிட்டே போகுதாம். அங்கிள், என்ன போடுறீங்களோ அத நிறுத்துங்க. இல்லன்னா நம்ம கையவிட்டுப் போயிருவா."

ரிஞ்சுவைக் கூப்பிட்டார். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தாள். குரல் தூக்கத்துக்குள்ளிருந்து வருவதுபோல மிருதுவாக இருந்தது.

"தேங்க்ஸ்ப்பா," என்றாள் எடுத்ததும்.

"எதுக்கும்மா?"

"நீங்கதான தெனமும் தொறந்து விடுறீங்க. அம்மா சொன்னாங்க. ஒங்க கேமரா வழியாத்தான் வர்றாங்களாம்." மூச்சு வாங்கினாள். இழுத்து. விட்டு. கடைசியில் மெல்லிசாக ஒரு விசில். "அன்னைக்கு நான் குடுத்தது வழியிலயே நின்னுருச்சுல்லப்பா. அதத்தான் கேக்குறாங்க. பக்கத்துல வா, பக்கத்துல வாங்குறாங்க. எனக்கு எந்திரிக்க முடியல. ஆனா கஷ்டமாவே இல்ல."

போனை வைத்துவிட்டு யாக்கோபு நடுவீட்டில் நின்றார். பெண்டாட்டியின் குரலுக்கு ஆசைப்பட்டு, தினம் தினம் தன் கையாலேயே கதவைத் திறந்து, அதைப் பிள்ளையிடம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அது அன்னாளா? அன்னாள் என்றால், ரிஞ்சுவுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளில் தான் உட்கார்ந்தபடியே விடியவைத்த அன்னாள் இப்படிச் செய்வாளா? ஆனால் கூரை ஒழுகுவதைக் கேட்டதே, மெலிந்துபோனதைப் பார்த்துச் சொன்னதே. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. செத்தவளையும் வைத்துக்கொண்டு இருப்பவளையும் வைத்துக்கொள்ள முடியாது.

ஜிபிக்குப் போன் போட்டார்.

"எல்லாத்தையும் அடைக்கணும். என்னையக் கேக்கவே கூடாது."

"என்ன சேட்டா, குரல் ஒருமாதிரி இருக்கு?"

"சொல்லு ஜிபி."

ஜிபி ஒவ்வொரு படியாகச் சொன்னான். கேமராவுக்கு முழுத் தடை. மைக்குக்கு முழுத் தடை. இனி அந்த வீட்டிலிருந்து ஒரு படமோ ஒரு சொல்லோ வெளியே போகாது. கடைசிப் பொத்தானை மட்டும் அமுக்காமல் யாக்கோபு போனை வைத்தார். அதற்கு ஜிபி தேவையில்லை. அது அவர்கள் இரண்டுபேர் விஷயம்.

மஞ்சு ஜன்னலுக்கு வந்திருந்தது. அடுப்படியில் சிரட்டை உருண்டது. பூ வாசனை.

பெட்டி வந்து கேட்டது.

"ரிஞ்சப்பா."

அவர் பொத்தானைத் தொடவில்லை.

"ஏன் தொறக்க மாட்டேங்குறீக? குளிருது. கைகாலெல்லாம் வெறைச்சுக் கெடக்கு."

"தெரியும்மா," என்றார். கண்ணீர் தாடியில் இறங்கியது. "நாந்தான் ஒன்னைய அவசரமா மூடிப்புட்டேன். அந்தப் பாவம் எனக்கு. ரிஞ்சுவ விட்ரு. ஒனக்கு வேணும்னா என்னையக் கூட்டிட்டுப் போ. வர்றேன்."

"நீங்க அன்னைக்கே முத்தம் குடுத்தாச்சுல்ல," என்றது குரல், ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக. "அவதான் பாக்கி."

அவர் கடைசிப் பொத்தானை அமுக்கினார்.

விளக்கு அணைந்தது. இழுப்பு நின்றது. ஒரு மூச்சின் நடுவிலேயே நின்றது. பிரிட்ஜ் குலுங்கி அடங்கியது. வீட்டில் சத்தம் என்று ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையாக அவளைச் சாகடித்துவிட்டார். மேசையில் தலையை வைத்து, அடக்கத்து நாளில்கூட அழாத அழுகையை அழுதார். ஆனாலும் அந்த அழுகைக்கு அடியில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. பிள்ளை தப்பித்தாள்.

தலையைத் தூக்கியபோது திரை கறுப்பாக இல்லை.

ஒரு அறை தெரிந்தது. சாத்திய ஜன்னல், ஓரத்தில் கசியும் பகல் வெளிச்சம், நாற்காலியில் நர்ஸ் உடுப்பு. ரிஞ்சுவின் அறை. கால்மாட்டிலிருந்து, அவளுடைய லேப்டாப்பின் கண்ணிலிருந்து தெரிந்தது. கட்டிலில் ரிஞ்சு மல்லாந்து படுத்திருந்தாள், போர்வை விலகி, இரண்டு பாதமும் அவரைப் பார்த்து நின்றன. இந்தப் பக்கத்து வாசலைத்தான் அவர் சாத்தியிருந்தார். உள்ளே இருந்ததற்கு வெளியே போக அந்தப் பக்கம் இன்னொரு வாசல் இருந்தது.

கட்டிலின் ஓரத்தில் ஒரு பெண் குனிந்திருந்தாள். பெட்டியில் அன்னாள் உடுத்தியிருந்த சந்தன நிறப் புடவை. ஈரம் சொட்டுகிற முதுகு.

"ரிஞ்சு," என்றார்.

மைக்குக்கு முழுத் தடை.

"ரிஞ்சும்மா. எந்திரி. எந்திரிச்சு வெளிய ஓடு."

திரையில் யாரும் அசையவில்லை. அவர் அனுமதியைத் தேடி அமுக்கினார். மாற்றம் நடப்புக்கு வரக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும் என்று அது கேட்டது. அணைத்தால் திரை போய்விடும். அவர் அணைக்கவில்லை. போனை எடுத்து ரிஞ்சுவைக் கூப்பிட்டார். திரையில் தலையணைப் பக்கம் போன் ஒளிர்ந்தது. அந்தப் பெண்ணின் கை நீண்டு, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்பதுபோல மெதுவாக, அதைக் கவிழ்த்து வைத்தது. ஷீனாவைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. அவளுக்கு ட்யூட்டி.

பெண் கால்பக்கம் வந்தாள். முகம் தெரியவில்லை. கையில் வெள்ளைத் துணி, கிழித்த துண்டு. அதை ரிஞ்சுவின் இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துச் சுற்றினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. வலிக்காமல் முடிச்சுப் போட்டாள். பெட்டியில் வைக்கிறவர்களுக்குக் கட்டுகிற கட்டு.

யாக்கோபு திரையை இரண்டு கையாலும் அடித்தார். பெயர் சொல்லிக் கத்தினார். மகளின் பெயர். மனைவியின் பெயர். வெளியே மஞ்சு. கேட்க ஆளில்லை.

பெண் அடுத்த துண்டைக் கிழித்தாள். நீளமாக. தாடைக்கு.

ரிஞ்சு கண்ணைத் திறந்தாள். பார்த்தாள். சிரித்தாள், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஸ்வெட்டரின் மேல் பித்தானைப் போட்டுவிடச் சொல்லி நிற்பாளே, அதேமாதிரி, துணி சுற்ற வசதியாகத் தாடையைத் தானே தூக்கிக் காட்டினாள்.